ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

மரக்காணம் முதல் புதுச்சேரி வரை நீண்டு கிடக்கும் கடற்கரை, உப்புக்கும் புயலுக்கும் பேர்போனது. சங்க நூலில் கூறப்படும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அங்குள்ள உப்பளங்களில் பாத்திகள் சீராகும். ஐப்பசி மழை இறங்கியதும் தொழில் நின்றுவிடும். அதற்குத் தெற்கே, கடலுக்குச் சிறிது உள்ளே, செம்மண் மேட்டின்மீது குயிலாப்பாளையம் என்னும் ஊர் இருக்கிறது. அம்மேட்டில் பெய்யும் பெருமழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடைகளின் வழியே இறங்கிக் கடலோரத்தைச் செந்நிறமாக்குவதைக் கார்காலத்தில் காணலாம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இப்பகுதியைத் தாக்கிற்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பொழிந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்த ஊர்களும் உண்டு.

இத்தகைய நாளில் முதலில் உதவிக்கு வருபவர் அண்டை வீட்டார். ஓலைக் குடிசையில் இருந்தவர் மாடி வீட்டுத் திண்ணையில் ஒதுங்குவர். பள்ளிக்கூடம் தங்குமிடமாகும், பொதுவாக மூட்டிய அடுப்பில் கஞ்சி வேகும். ஆனால் ஊர் முழுதும் நீரில் நின்றால் அண்டை வீட்டுப் பானையிலும் அரிசி இராது. அப்போது உதவி தொலைவிலிருந்து வருதல் வேண்டும். தொலைவில் இருப்பவர் யாரை நம்பிப் பொருள் கொடுப்பது? கொடுத்த பொருள் உரியவர் கைக்கு எவ்வாறு போய்ச் சேரும்? வெள்ளம் வடிந்த பிறகு, விதையும் மாடும் இழந்த உழவன் எதைக்கொண்டு பிழைப்பான்? இவ்வினாக்களுக்கு வங்க நாட்டு இரசாயன ஆசிரியர் ஒருவர் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தார். அவரே ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்.

பிரபுல்ல சந்திரர் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தார். அவருடைய ஊர் ராருளி. அஃது அந்நாளில் ஜெசூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர்க் குல்னா மாவட்டத்தில் சேர்ந்தது. இந்நாளில் வங்காள தேசத்தில் உள்ளது. ஊரை ஒட்டிக் கபோதாட்சம் என்னும் ஆறு ஓடுகிறது. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் பிறந்ததும் இவ்வாற்றங்கரையிலேயே. ஆறும் கழியும் சதுப்புமாய்க் கிடக்கும் அந்நாட்டில் பிறந்த குழந்தைக்கு நீரின் இரு முகங்களும் இளமையிலேயே தெரிந்திருக்கும்.

தந்தை ஹரிச்சந்திர ராய் நிலக்கிழார், நூல்களில் பற்றுடையவர். மக்களின் கல்வியை முன்னிட்டு அவர் 1870இல் கல்கத்தாவில் குடியேறினார். சிறுவர் பிரபுல்லர் ஹேர் பள்ளியில் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குள் கொடிய சீதபேதி அவரைப் பற்றியது. பள்ளிப் படிப்பு நின்றது. ஊர் திரும்பி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டில் கிடக்க நேர்ந்தது. அந்நோய் முற்றிலும் அவரை விட்டு நீங்கவே இல்லை. வாழ்நாள் முழுதும் அவர் அளந்து உண்டார். இரவில் உறக்கம் குன்றினார். ஆனால் படுக்கையில் கிடந்த அந்நாள்களில் தந்தையின் நூல்களைத் தாமாகவே எடுத்துப் படித்தார். தேர்வுக்காக அன்றி அறிவுக்காகவே படிக்கும் பழக்கம் அவருக்கு அப்போது ஏற்பட்டது.

பின்னர்க் கல்கத்தா திரும்பிய அவர், ஈசுவர சந்திர வித்தியாசாகரர் நடத்திய கல்லூரியில் பயின்றார். அங்கிருந்தபடியே மாநிலக் கல்லூரிக்குச் சென்று இரசாயன விரிவுரைகளைக் கேட்டார். கில்கிறைஸ்டு உதவிச் சம்பளம் பெற்று 1882இல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகருக்குக் கல்வி கற்கச் சென்றார். 1887இல் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தாய்நாடு திரும்பினார். இவ்வளவு தகுதி பெற்றிருந்தும் ஐரோப்பியருக்கு ஒதுக்கிய உயர்ந்த பணிவரிசையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1889இல் மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் துணையாசிரியராக அமர்ந்தார்.

அவருடைய ஆராய்ச்சிகளை இங்கு விரிக்கத் தேவையில்லை. பாதரசத்தின் நைட்டிரைட்டு உப்பு ஒன்றைக் கண்டறிந்து உலக அறிஞரின் பாராட்டைப் பெற்றதும், இந்திய இரசாயன வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதியதும் பலரும் அறிந்தவை. அவர் தொடங்கிய தொழிற்சாலையின் கதையோ சுவையானது. மருந்துகளுக்கெல்லாம் இந்தியர் மேல்நாட்டாரை எதிர்பார்த்திருந்த காலம் அது. 1892இல், மேல் வட்டச் சாலையில் தாம் குடியிருந்த வீட்டிலேயே சில நூறு ரூபாய் முதலுடன் அவர் மருந்து செய்யத் தொடங்கினார். எலும்பிலிருந்து பாஸ்பேட்டு உப்பு எடுக்க விரும்பி, இறைச்சிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மாடியில் உலர்த்தினார். எதிர்பாராமல் மழை பெய்தது. எலும்பில் புழு வைத்தது. காக்கைகள் கூட்டமாய் வந்து இறங்கின. நாற்றம் பொறாத அண்டை வீட்டார் முறையிட்டனர். எலும்புகளை அவசரமாக அகற்ற வேண்டியதாயிற்று. இவ்வாறு தொடங்கிய முயற்சியே வங்க இரசாயன மருந்துத் தொழிற்சாலை என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. அதனால் அவர் தமக்கெனச் செல்வம் சேர்க்கவில்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. முரட்டுத் துணியே உடுத்தினார். 1901ஆம் ஆண்டின் இறுதியில் காங்கிரசு மகாசபைக்காகக் கல்கத்தா வந்த காந்தியடிகள், கோகலேயின் வீட்டில் ஒரு மாத காலம் தங்கினார். பிரபுல்லர் அடுத்த வீட்டார் போல அங்கே அடிக்கடி வருவார். மாதம் 800 ரூபாய் ஊதியம் பெறுபவர், தமக்கு 40 ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பொதுநலத்துக்குக் கொடுத்துவிடுகிறார் என்று கோகலே அவரை அறிமுகம் செய்துவைத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1916இல் பிரபுல்லர் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அக்கல்லூரிக் கட்டடத்தில் ஓர் அறையே அவருக்கு வீடு. ஏழை மாணாக்கர் சிலரும் அவருடன் தங்கினர். 1921இல் அறுபது வயது நிறைந்ததும், அதன்பின் தாம் பெறும் ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறைக்கே விட்டுக்கொடுத்தார்.

அறுபது வயது நிறைந்த நோயாளி இனி அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கலாம் என்றே எவரும் எண்ணுவர். அவருக்கு அவ்வாறு வாய்க்கவில்லை. அதே ஆண்டு அவருடைய குல்னா மாவட்டத்தில், சுந்தரவனக் காட்டை அடுத்த பகுதிகளில், விளைச்சல் பொய்த்து மக்கள் பசியால் வாடினர். அவர் முன்நின்று பொருள் திரட்டி உதவினார். அவ்வேலை முடிந்து மூச்சுவிடுவதற்குள் மற்றொரு பேரிடர் வந்தது.

1922ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் பிற்பகுதி. துர்க்கை பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் கடைத்தெருக்கள் புதுத்துணியால் நிறைந்திருந்தன. அந்நிலையில் வட வங்கத்தில் ராஜசாகி, பொகுரா, பாப்னா முதலிய மாவட்டங்களில் இடைவிடாத பெருமழை பெய்தது. ஆறுகள் கரை புரண்டன. தாழ்ந்த நிலமெல்லாம் கடல்போல் ஆயிற்று. மண்சுவர் வீடுகள் கரைந்து விழுந்தன. மாடுகள் மிதந்து சென்றன. பிழைத்த மாடுகளுக்கும் வைக்கோல் இல்லை. இன்னும் இரண்டு மூன்று மாதங்களில் அறுவடையாக வேண்டிய நெற்பயிர் நீருக்கடியில் அழுகிற்று. மழை நின்ற பிறகும் நீர் வடியவில்லை.

நீர் ஏன் வடியவில்லை என்பதே மக்கள் எழுப்பிய கேள்வி. அந்நிலத்தின் குறுக்கே இருப்புப்பாதைகள் உயர்ந்த மண்மேடுகளின்மீது போடப்பட்டிருந்தன. மேட்டுக்கு அடியில் நீர் செல்வதற்கு வைத்திருந்த சிறு பாலங்களும் மதகுகளும் போதவில்லை. எனவே மேட்டின் ஒருபுறம் நீர் அணை கட்டியதுபோல் தேங்கி நின்றது. குயிலாப்பாளையத்து மேட்டிலிருந்து இறங்கும் ஓடையை நடுவில் தூர்த்துவிட்டால், அடுத்த மழையில் அதன் மேற்புறத்து வயல்கள் என்னாகும் என்று எண்ணினால் இது விளங்கும். வானம் பாதி, மனிதன் பாதியாக விளைந்த வெள்ளம் அது. அந்தப் பாலங்களை அகலப்படுத்த வேண்டும் என்று அப்பகுதி மக்கள் கேட்டும் பயன் விளையவில்லை என்பதைப் பிரபுல்லர் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் வன்மையாகக் கண்டித்து எழுதினார்.

செய்தி கல்கத்தாவை அடைந்ததும் வங்க உதவிக் குழு ஒன்று அமைந்தது. அதற்குத் தலைவராகப் பிரபுல்லரையே அனைவரும் வேண்டினர். செல்வர் பலர் நகரில் இருந்தனர். சொல்வன்மை மிக்க தலைவர்களும் இருந்தனர். ஆயினும் தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஒருவரிடம் கொடுத்த பணம் வழியில் தங்காது என்று மக்கள் நம்பினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக 40 ரூபாயில் வாழ்ந்த எளிமை, அன்று அக்குழுவின் முதற்பொருளாக உதவிற்று எனலாம்.

அவருடைய வேண்டுகோள் செய்தித்தாள்களில் வெளிவந்தது. அறிவியல் கல்லூரியே குழுவின் தலைமையிடமாயிற்று. குடுவையும் தராசும் இருந்த கட்டடத்தில் அரிசி மூட்டைகளும் துணிப்பொதிகளும் குவிந்தன. பூசை விடுமுறைக்கு ஊர் செல்ல வேண்டிய மாணாக்கர் அங்கேயே தங்கினர். சிலர் தெருத்தெருவாய்ச் சென்று பழந்துணி தண்டினர். சிலர் வந்த துணிகளைப் பிரித்துக் கட்டினர். சிலர் அஞ்சலில் வந்த தொகைகளைப் பதிந்து பற்றுச்சீட்டு எழுதினர். ஒரு ரூபாய் அனுப்பியவனுக்கும் விடை போயிற்று. வங்கத்திலிருந்து மட்டுமன்றிப் பிற மாகாணங்களிலிருந்தும் பொருள் வந்தது. திரண்ட தொகை சில இலட்சங்கள் ஆயிற்று. தாம் வாழ்நாளெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கற்பித்த ஒழுங்கையே முதியவர் அங்கும் கற்பித்தார்.

வெள்ளம் சூழ்ந்த இடத்திலே பணியை நடத்துவதற்கு இளைஞர் ஒருவர் சென்றார். இங்கிலாந்தில் பெற்ற உயர்ந்த அரசாங்கப் பதவியை உதறிவிட்டு நாட்டுத்தொண்டில் இறங்கிச் சிறையிருந்து, சில வாரங்களுக்கு முன்னரே விடுதலையானவர் அவர். வயது இருபத்தைந்து. அவர்தாம் சுபாசு சந்திர போசு. பிற்காலத்தில் படை திரட்டிய அத்தலைவர், சாந்தாகார் என்னும் இருப்புப்பாதைச் சந்திப்பில் தங்கித் தொண்டர் கூட்டத்தைத் திரட்டினார். அரிசி எந்த ஊருக்கு எவ்வளவு, படகு எத்தனை, தொண்டர் யார் என்று வகுத்து நடத்தும் பயிற்சியை அவர் அங்கே பெற்றார்.

பிரபுல்லரின் மாணாக்கரும் இளம் பௌதிக அறிஞருமான மேகநாத சாகாவும் இப்பணியில் ஈடுபட்டார். அவர் டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். கார்காலத்தில் பள்ளிக்கே படகில் சென்றவர். மாணவராயிருந்தபோது 1913இல் தாமோதர் ஆற்று வெள்ளத்திலும் தொண்டு செய்திருந்தார். விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற அவர், வட வங்க வெள்ளத்தைப் பற்றி அவ்வாண்டே கட்டுரை எழுதி, ஆறுகளைப் பற்றியும் ஆராயத் தொடங்கினார்.

பாதிக்கப்பட்டவருள் பெரும்பாலோர் முசுலிம் உழவர். கல்கத்தாவிலிருந்து சென்ற தொண்டருள் பெரும்பாலோர் இந்துக்கள். பசித்த வயிற்றைக் கண்டபோது அவ்வேற்றுமையை எவரும் கேட்கவில்லை. இதனைப் பிரபுல்லர் தம் வாழ்வில் கண்ட நல்ல காட்சிகளுள் ஒன்றாக மதித்தார். இரு சமயத்தாரிடையே பகை மூண்ட பிற்காலத்தில் இந்நினைவு அவருக்கு ஆறுதலாகவும் வருத்தமாகவும் ஒருங்கே இருந்திருக்கும்.

அரிசியும் துணியும் கொடுத்தல் எளிது. எப்போது நிறுத்துவது என்று அறிதலே அரிது. நீர் வடிந்த பின்னர் விதை வேண்டும். மாட்டுக்குத் தீனி வேண்டும். விழுந்த வீட்டுக்குக் கழியும் கூரையும் வேண்டும். இவற்றுக்கும் குழு பொருள் ஒதுக்கியது. ஆயினும் அடுத்த அறுவடை வரையில் நிலத்தில் வேலை இல்லை. உழைத்து உண்ட மக்களை நாள்தோறும் வரிசையில் நிறுத்திப் பிச்சையிடுவது பிரபுல்லருக்கு ஒப்பவில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று வேண்டியிருந்தது.

இங்கே அவருடைய வாழ்வில் பெரிய மாறுதல் ஒன்றைக் காண்கிறோம். காந்தியடிகள் கைராட்டையைப் பரப்பத் தொடங்கியபோது, தொழிற்சாலை நிறுவிய இவ்விஞ்ஞானி அதனை ஐயத்துடனே நோக்கினார். எந்திரங்களின் காலத்தில் கைராட்டை என்ன செய்யும் என்பது அவர் எண்ணம். குல்னாப் பஞ்சமும் வட வங்க வெள்ளமும் அவ்வெண்ணத்தை மாற்றின. ஆண்டில் பல மாதங்கள் வேலையின்றி இருக்கும் உழவர் வீட்டில், ஒரு பெண் நூற்றுப் பெறும் சில அணாக்களும் உயிர் காக்கும் என்று அவர் நேரில் கண்டார். வெள்ளம் பாதித்த தலோரா, ஆத்திராய் முதலிய இடங்களில் ராட்டைகள் சுழலத் தொடங்கின. அவருடைய தொழிற்சாலையில் உயர்ந்த பொறுப்பில் இருந்த சதீச சந்திர தாசகுப்தர், உதவிக் குழுவில் அரும்பாடுபட்டவர், சில ஆண்டுகளுக்குள் அவ்வேலையை விட்டே விலகிக் கதர்ப்பணிக்குத் தம்மை ஒப்படைத்தார். தொழிற்சாலைக்கு அஃது இழப்பே. பிரபுல்லர் அவரைத் தடுத்தாரில்லை. தாமும் கதரே உடுத்தினார்.

அரசாங்கத்தார் செய்த உதவி இழப்புக்கு ஈடாகவில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. அவர் சர் பட்டம் பெற்றவர்; ஆயினும் அதனைச் சொல்ல அஞ்சவில்லை. மற்றொரு புறம், வெள்ளத்தின் காரணத்தை ஆராயும் பணி தொடங்கிற்று. மாநிலக் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிசு, 1870 முதல் 1922 வரை வட வங்கத்தில் பெய்த மழையின் கணக்குகளையும் வெள்ளங்களின் அளவையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெருஞ்செலவில் நீர்த்தேக்கங்கள் அமைக்கலாம் என்று பொறியாளர் சிலர் எண்ணியிருந்தனர். அவற்றால் பயனில்லை, நீர் விரைந்து வடிவதற்கு வழி செய்தலே வேண்டுவது என்று அவருடைய ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வறிக்கை 1927இல் வெளிவந்தது. படிப்பில்லாத உழவர்கள் பாலத்தை அகலப்படுத்துங்கள் என்று கேட்டதும் ஏறத்தாழ இதுவே அன்றோ!

அவ்வெள்ள ஆண்டிலேயே பிரபுல்லர், இரசாயனத்தில் சிறந்த ஆராய்ச்சிக்காக நாகார்ச்சுனர் பெயரால் ஒரு பரிசு ஏற்படுத்தப் பல்கலைக்கழகத்துக்கு 10,000 ரூபாய் அளித்தார். ஒரு கை அரிசி அளக்க, மறு கை அறிவுக்கு வித்திட்டது. 1924இல் இந்திய இரசாயனக் கழகத்தின் முதல் தலைவரானார். கல்லூரிக்குள் இருந்த நாள்களைவிட ஊர்களில் சுற்றிய நாள்கள் மிகுந்தனவோ என்று ஐயுறும்படி அவர் வங்க நாடெங்கும் சென்றார். வெள்ளம் வந்த இடமெல்லாம் அவரைத் தேடுவது வழக்கமாகிவிட்டமையால், காந்தியடிகள் அவரை வெள்ளங்களின் டாக்டர் என்று நகையாகக் கூறுவாராம். எடின்பரோவில் பெற்ற பட்டத்தைவிட இதுவே அவருக்குப் பொருத்தமாயிற்று.

1931இல் வட வங்கத்திலும் கிழக்கு வங்கத்திலும் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. நாடெங்கும் தொழில் மந்தம். சணலும் நெல்லும் விலை வீழ்ந்திருந்தன. கொடுப்பவர் கையிலும் பணம் இல்லை. அவர் மறுபடியும் உதவிக் குழுவின் தலைமையை ஏற்றார். மறுபடியும் அறிவியல் கல்லூரியில் துணிப்பொதிகள் வந்து இறங்கின. 1922இல் மூட்டை தூக்கிய மாணாக்கருட் சிலர் இப்போது ஆசிரியராகவும் அதிகாரியாகவும் இருந்தனர். அவர்தம் மாணாக்கர் மூட்டை தூக்கினர்.

எழுபத்தைந்தாம் வயதில், 1936இல், அவர் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். அறையை விட்டு விலகவில்லை. மாலையில் மைதானத்தில் சிறிது நேரம் உலவுவதும், இளைஞர்களோடு உரையாடுவதும் அவருக்கு மகிழ்ச்சி தந்தன. 1943இல் வங்கத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியபோது அவர் எழுந்து நடமாடவும் வலியற்றிருந்தார். கல்கத்தாவின் தெருக்களில் மக்கள் கஞ்சிக்கு அலைந்து மடிந்தனர். இத்தகைய காலத்தில் முன்நின்று பழகிய கைகள் அப்போது படுக்கையில் கிடந்தன. 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அதற்கு முந்திய ஆண்டில் தாமோதர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பெருகி, கல்கத்தாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையையே துண்டித்திருந்தது. அவ்வாற்றைக் கட்டுப்படுத்தும் வழியைப் பற்றி மேகநாத சாகா இடைவிடாது எழுதிவந்தார். அவருடைய கருத்துகளும் துணைசெய்ய, 1948இல் தாமோதர்ப் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. அணைகள் எழுந்தன. ஆசிரியரின் கல்லூரியில் துணிப்பொதி கட்டப்பட்ட நாளுக்கும் அவ்வணைகளுக்கும் இடையே கால் நூற்றாண்டு சென்றிருந்தது.